பச்சைப் பரமீசியத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளத்து நீரில் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், எப்போதாவது ஒரே செல்லால் ஆன உயிரியான பரமீசியம் ஒன்று பச்சை நிறத்தில் நீந்தி வரும். பெயர் பரமீசியம் பர்சாரியா. நீளம் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அந்த உடம்புக்குள் குளோரெல்லா வகைப் பாசியின் செல்கள் சில நூறு உயிரோடு குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் செய்யும் மால்டோஸ் சர்க்கரை பரமீசியத்துக்கு. பரமீசியம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் சத்தும் பாசிக்கு. ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் வாழ்வதை நேரில் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் கண் எளிதில் ஏமாறும் இடமும் இதுதான்.

உள்ளே பச்சையாக எது தெரிந்தாலும் அது குடியிருக்கும் பாசி என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. சாதாரணப் பரமீசியமும் பாசியைத் தின்னும். தின்ற பாசியும் கொஞ்ச நேரம் பச்சையாகவே இருக்கும். சரி, எப்படிப் பிரித்தறிவது? தின்ற பாசிகள் பெரும்பாலும் ஓர் உணவுக் குமிழுக்குள் கும்பலாகக் கிடக்கும்; செரிக்கச் செரிக்கப் பழுப்பேறும். குடியிருப்பவை தனித்தனி உருண்டைகளாக, ஏறக்குறைய ஒரே அளவில், பளிச்சென்ற பச்சையில், உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். ஒரே செல்லைப் பத்து நிமிடமாவது தொடர்ந்து பாருங்கள். ஒரு பார்வையில் இது பிடிபடாது.

அடுத்தது, மேலே ஒட்டியிருப்பதையும் அடியில் கிடப்பதையும் ‘உள்ளே’ என்று நினைப்பது. நுண்ணோக்கி எல்லாவற்றையும் தட்டையாகக் காட்டும். குவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றும் நுண் திருகை மெல்ல ஏற்றி இறக்குங்கள். பரமீசியத்தின் மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தெளியும்போது, பச்சை உருண்டை எந்த மட்டத்தில் தெளிகிறது என்று கவனியுங்கள். பரமீசியம் உருண்டு நீந்தும்போது கூடவே சேர்ந்து உருள்கிறதா என்றும் பாருங்கள்.

பாசி உருண்டைகள் உள்ளே நகர்வதைப் பார்த்துவிட்டு அவை நீந்துகின்றன என்று எழுதுபவர்கள் உண்டு. குளோரெல்லாவுக்கு நீந்த உதவும் வால் போன்ற கசையிழையே கிடையாது. பரமீசியத்தின் உள்ளே நிறைந்திருக்கும் கூழான சைட்டோபிளாசம் ஓடுகிறது. பாசி அதில் அடித்துச் செல்லப்படுகிறது, அவ்வளவுதான். அதேபோல், மிகச் சிறிய துகள்கள் நின்ற இடத்திலேயே துடிப்பதும் உயிருக்கு அடையாளம் இல்லை. தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1827-ல் மகரந்தத்துக்குள் இருந்த துகள்களில் கண்ட அதே நடுக்கம்தான் அது. உயிரற்ற தூசியும் அப்படித்தான் ஆடும்.

அப்புறம், பார்க்கும் அவசரத்தில் கொன்றுவிடுவது. எடுத்தவுடன் சாயம் விடாதீர்கள். 1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டதுகூடச் சாயம் போடாத புது ரத்தத்தில்தான். அதன் இழைகள் அசைந்ததுதான் அது உயிர் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது. மூடுகண்ணாடியின் எடையே பரமீசியத்தை நசுக்கிவிடும். அதன் மூலைகளில் துளி வாசலின் தடவினால் இடைவெளி கிடைக்கும். விளக்கின் சூட்டில் நீர் வற்றுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செல் நலமாக இருக்கிறதா என்று அறிய, சுருங்கி விரியும் இரண்டு குமிழ்களைப் பாருங்கள். அந்தத் துடிப்பு நின்றுபோனால், அதற்குப் பிறகு பார்ப்பதை வாழும் செல்லின் நடப்பாக எழுதக் கூடாது.

வெளிச்சத்தை முழுக்கத் திறந்துவிட்டால் பச்சை வெளிறிவிடும். வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒளித்திரையைக் கொஞ்சம் மூடினால் போதும்.

கண்ணால் கண்டதோடு நிறுத்திவிடுவதும் தவறுதான். பரமீசியங்களை இரண்டு புட்டிகளில் பிரித்து, ஒரே உணவு கொடுத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதை வாரக்கணக்கில் இருட்டிலும் வையுங்கள். வெளிச்சப் புட்டி இல்லாமல் இருட்டை மட்டும் வைத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. இருட்டில் இருப்பவை மெல்ல வெளுக்கும். வெளுத்தவற்றுக்குத் தகுந்த குளோரெல்லாவைத் திரும்பக் கொடுத்தால், முதலில் அவை உணவாகத்தான் விழுங்கப்படும். பெரும்பாலானவை செரித்துப்போகும். சில மட்டும் உணவுக் குமிழிலிருந்து மொட்டுப்போல் பிரிந்து வெளியேறி, செல்லின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கும். தின்னப்பட்டது குடியேறுவதை அந்த நேரத்தில் பார்க்கலாம்.