பழைய பத்திரங்களிலும் உயில்களிலும் முன்னோரைத் தேடுவது எப்படி?

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துச் சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் வமிசாவளி ஏடு கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்திடம் சிறிதளவு நிலமாவது இருந்து, அது விற்கப்பட்டோ, அடகு வைக்கப்பட்டோ, பங்கு பிரிக்கப்பட்டோ இருந்தால், தகப்பன் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவை எங்கேனும் ஒரு பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். நிலத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தை மனிதர்களுக்காக வாசிக்கப் பழகுவதே இத்தேடலின் அடிப்படை.

படி 1: வீட்டில் இருப்பதை முழுமையாகப் பாருங்கள்

கையில் உள்ள பத்திரங்களுள் மிகப் பழையதை எடுத்து, எல்லாப் பக்கங்களையும், குறிப்பாகப் பின்புறங்களையும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளை யார் பெயரில், எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்பதும், பதிவு அலுவலகத்தின் பெயர், பத்திர எண், வருஷம், புத்தகம், வால்யூம், பக்கம் ஆகியவையும் பெரும்பாலும் பின்புறத்தில்தான் இருக்கும். அடுத்து, சொத்து எழுதிக்கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று கூறும் வாசகத்தைத் தேடுங்கள். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" என்றிருந்தால் அது தகப்பன் வழி வந்தது. "சுயார்ஜிதம்" என்றிருந்தால் அவரே சம்பாதித்தது. முந்தைய சாசனம் ஒன்றின் தேதி குறிப்பிடப்பட்டிருந்தால் நீங்கள் அடுத்துத் தேட வேண்டிய தாய்ப்பத்திரம் அதுதான். கிழிந்த தாளை ஒட்டுநாடா கொண்டு ஒட்டவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம்.

படி 2: தேதிகளை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்

பழைய பத்திரங்களில் தமிழ் எண்களும், ௵ (வருஷம்), ௴ (மாதம்), ௳ (தேதி), ௸ (மேற்படி), ௹ (ரூபாய்) என்னும் குறிகளும் வரும். பசலி என்னும் நிலவரிக் கணக்கு ஆண்டுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரையிலான காலம். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. மன்மத வருஷம் 1895-லும் வந்தது, 1955-லும் வந்தது. அறுபது ஆண்டு பிசகினால் பாட்டனும் பேரனும் இடம் மாறிவிடுவார்கள்.

படி 3: ஒவ்வொரு பெயரும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரு பத்திரத்தில் எந்தப் பெயரும் காரணமின்றி இடம்பெறுவதில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்பதால், தகப்பன் விற்கும்போது வாங்குபவர் பெரும்பாலும் மகன்களின் கையெழுத்தையும் கேட்டு வாங்கினார். அதனால் ஒரே கிரயப் பத்திரத்தில் மூத்தவர் முதல் கைக்குழந்தை வரை ஆண்பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைப்பதுண்டு. "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான" என்று வந்தால், பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முன்பே தகப்பன் காலமாகிவிட்டார் என்று கொள்ளலாம். இறப்புப் பதிவு இல்லாத ஒருவரின் மறைவுக்கு இப்படி ஓர் எல்லைத் தேதி கிடைத்துவிடுகிறது.

விதவைப் பெண் எழுதிக்கொடுத்த கிரயம் கிடைத்தால் அதை வரிக்கு வரி வாசியுங்கள். கணவன் வழி வந்த சொத்தில் அவருக்கு வரையறுக்கப்பட்ட உரிமையே இருந்ததால், குடும்ப அவசியம் இருந்தால்தான் அவர் செய்யும் விற்பனை நிலைக்கும் என்பது அன்றைய சட்டம். ஆகவே கணவன் வைத்துச் சென்ற கடன், அவருடைய கருமாதிச் செலவு, மகளின் கலியாணம் என்று விற்பதற்கான காரணங்கள் விரிவாக எழுதப்பட்டிருக்கும். அவருக்குப் பின் சொத்தை அடையக்கூடிய கணவனின் பங்காளிகள் பெரும்பாலும் சம்மதித்துச் சாட்சிக் கையெழுத்து இட்டிருப்பார்கள். அந்தச் சாட்சிகள் யாரோ எவரோ என்று கடந்து சென்றால் ஒரு முழுக் கிளையையே இழந்துவிடுவோம்.

நான்கெல்லையையும் இவ்வாறே வாசிக்க வேண்டும். "இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு" என்றால், நம் நிலம் அவருடையதற்குக் கிழக்கே இருக்கிறது, அவர் நமக்கு மேற்கே இருக்கிறார் என்று பொருள். நான்கு பக்கத்துப் பெயர்களையும் ஒரு தாளில் படமாக வரைந்து பாருங்கள். பாகப்பிரிவினையில் ஒரே நிலம் துண்டானபோது அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பார்கள். ஆகவே எல்லையில் வருபவருக்கும் உங்கள் முன்னோருக்கும் தகப்பன் பெயர் ஒன்றே என்றால், அவ்விருவரும் சகோதரர்களா என்று அடுத்த பத்திரத்தில் சரிபார்க்கலாம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று இருப்பிடம் குறிக்கப்பட்டிருந்தாலோ, அங்கிருந்து ஒரு முகவருக்குப் பவர் பத்திரம் எழுதப்பட்டிருந்தாலோ, கடல் கடந்து சென்ற கிளையின் தடம் அது.

படி 4: சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுங்கள்

இணையவழி வில்லங்கச் சான்று பெரும்பாலும் காலனிக் காலம் வரை போகாது; நேரில் மனுக் கொடுத்து, கட்டணம் செலுத்தித் தேட வேண்டும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படுகின்றன. அதற்குப் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. இவற்றை யார் வேண்டுமானாலும் பார்வையிடச் சட்டம் இடமளிக்கிறது. பெயர்வாரித் தேடலில் எழுத்து வேறுபாடுகளையெல்லாம் முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். இராமசாமி, ராமஸாமி, ராமசுவாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். கிராமம் முன்பு எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதையும் விசாரியுங்கள். ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல்தான். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவிதாங்கூர் வழி வந்த ஆட்சிப் பகுதியில் இருந்தது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், தேடியது கிடைக்கவில்லை என்பதைக்கொண்டு விற்பனையே நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

படி 5: உயிலைத் தனியே தேடுங்கள்

உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பின் யாரும் விண்ணப்பித்து அதன் நகலைப் பெறலாம். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் சென்னை நகரத்தவர் 1870 செப்டம்பர் முதல் எழுதிய உயிலாயின், உயர்நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் செல்லும் என்னும் நீதிமன்றச் சான்று) பெறப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

அன்றைய பாகப்பிரிவினையில் பங்கு இல்லாததால் காணாமற்போகும் பெண்மக்கள் உயிலில்தான் வெளிப்படுகிறார்கள். மகள் இன்ன ஊரில் இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டிருப்பது, மகள் வயிற்றுப் பேரன், சுவீகார புத்திரன், ஜீவனாம்சம் பெற வேண்டிய சகோதரி எனப் பலர் அங்கே வருவார்கள். உயில் இருப்பதே ஒரு தடயம்: பிரிபடாத கூட்டுக்குடும்பச் சொத்தில் தம் பங்கை உயிலால் எழுதிவைக்க 1956-க்கு முன் ஓர் இந்து ஆணால் இயலாது. ஆகவே அது பெரும்பாலும் அவருடைய சுயார்ஜிதமாக இருக்கும். இல்லையேல் பாகம் பிரிந்து தனித்தோ, கூட்டுப் பங்காளிகள் எவரும் எஞ்சாமலோ அவர் இருந்திருப்பார்.

படி 6: பதிவுக்கு முந்தைய காலம்

1865-க்கு முன்னர் இன்றைய முறையிலான பதிவு இல்லை. உங்கள் குடும்பத்தில் இனாம் நிலம் (வரி நீக்கியோ குறைத்தோ கொடையாக விடப்பட்ட நிலம்) இருந்திருந்தால், 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அப்போதைய உரிமையாளரின் பெயரோடு வயதும், மூல இனாம்தாருக்கு அவர் என்ன உறவு என்பதும் அவற்றில் காணப்படும்.

படி 7: உறவைச் சான்றோடு எழுதுங்கள்

குடும்ப மரத்தில் ஒரு கோடு போடும்போதெல்லாம் பத்திர எண், வருஷம், அலுவலகம், அதில் உள்ள அதே சொற்கள் ஆகியவற்றை அருகில் குறித்துவையுங்கள். பத்திரம் நேரடியாகச் சொல்லும் உறவுக்கு முழுக்கோடும், நீங்கள் ஊகித்த உறவுக்குப் புள்ளிக்கோடும் இடுங்கள். தாத்தாவின் பெயரே பேரனுக்கு வைக்கப்படும் குடும்பங்களில் ஒரே பெயர் மூன்று தலைமுறைகளில் வரும். அங்கே தகப்பன் பெயர், மனைவி பெயர், சர்வே எண் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு பொருந்தினாலன்றிப் புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்க வேண்டாம்.