கொரோனா பாடத்தைப் பன்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோவது எப்படி?

ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் அசாமில் தலைகாட்டியது, 2022 ஜூலையில் வயநாடு வரை வந்துவிட்டது. மருந்து இல்லை, நம் பண்ணைகளில் போட ஊசியும் இல்லை, பிடித்தால் கொட்டிலே காலி. கொரோனாவின் முதல் வருஷம் ஊசி வருமுன் என்ன செய்தோமோ, அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். (மனிதருக்கு இது ஒட்டாது.)

முகக்கவசத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கொரோனா மூச்சில் வந்தது. இது செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஹோட்டல் எச்சில் சோற்றிலும் வரும். அதில் கிருமியுள்ள பன்றிக்கறித் துண்டு ஒன்று கிடந்தாலே போதும். அந்தச் சோற்றை நிறுத்துவதே நல்லது, முடியாதென்றால் கிளறிக் கிளறி ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள், வேகாத சோறு இருந்த வாளியிலேயே வெந்ததை ஊற்றாதீர்கள்.

அப்புறம் குவாரன்டைன். நோய் வெளியே தெரிய 4 முதல் 19 நாள் ஆகலாம், அதனால் ஒரு வாரம் பார்த்துவிட்டு உள்ளே விடுவது வீண். வாங்கி வந்த பன்றியை 30 நாள் தனிக் கொட்டிலில், தனி வாளியோடு வையுங்கள், தீவனமும் அதற்குக் கடைசியாக.

வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் மட்டும் போதாது, சாணி அப்பிய பூட்ஸை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். யார் வந்தார், எந்த வண்டி, என்றைக்கு. பன்றி செத்தால், நோய் யாரோடு வந்திருக்கும் என்று முந்தைய மூன்று வாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

பரிசோதனைக்கு நன்றாக இருப்பதைப் பிடிக்காதீர்கள், நோயுற்றதையும் செத்ததையும் காட்டுங்கள். செத்ததை அறுக்கவே கூடாது, ரத்தம் முழுக்கக் கிருமி. மாட்டு டாக்டரே பரிசோதனை மாதிரியை எடுத்துப் போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் பன்றிகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அந்தப் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் வாசலில் தகரம் அடிப்பார்களென்று பயந்து காய்ச்சலை மறைத்தோமே, அதே கதைதான். அழிக்கும் பன்றிக்கு அரசு இழப்பீடு உண்டு, அதை இப்போதே கால்நடை மருத்துவமனையில் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று, இது வேறு நோய்: 2009இல் வந்த பன்றி ஃப்ளூ (H1N1) மனிதரிடமிருந்து பன்றிக்கும் தொற்றியது. ஆகவே வேலையாளுக்குச் சளி காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். சம்பளத்தைப் பிடித்தால் அவர் சொல்லாமல் வந்து நிற்பார்.