பழைய பிரிட்டிஷ் லாரிய பாத்ததும் பேர் சொல்றது எப்படி

பழைய பிரிட்டிஷ் லாரி போட்டோ ஒண்ணு கைல கிடைச்சா எல்லாரும் முதல்ல தேடுறது முன்னாடி இருக்குற பேட்ஜத்தான், நான் அத கடைசியா பாருங்கன்னு சொல்லுவேன். பேட்ஜ் கழண்டு போயிருக்கும், பெயின்ட் அடிச்சு மறைஞ்சிருக்கும், இல்ல போட்டோவே பக்கவாட்டுல எடுத்ததா இருக்கும். அதவிட பெரிய விஷயம், அந்தக் காலத்து லாரி நிறைய ஒரே கம்பெனி முழுசா செஞ்சது கிடையாது. சேசிஸ், அதாவது அடிச்சட்டம் ஒருத்தர், கேபின் இன்னொருத்தர், இன்ஜின் மூணாவது ஆள். ஈஆர்எஃப்ங்கிற கம்பெனி லாரின்னா நிறைய வண்டிக்கு கேபின் கட்டினது ஜென்னிங்ஸ்ங்கிற பாடி பில்டர், இன்ஜின் மான்செஸ்டர் பக்கத்துல பாட்ரிகிராஃப்ட்ல இருந்த கார்ட்னர் கம்பெனியோடது. அதனால ஒரு லாரிய பாத்தா "இது என்ன லாரி"ன்னு ஒரு கேள்வி கேக்காம சேசிஸ் யாரோடது, கேபின் யாரோடது, உள்ள ஓடுற இன்ஜின் யாரோடதுன்னு மூணு கேள்வியா கேட்டு பழகுங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துரும்.

முதல்ல வீல எண்ணுங்க. ஆனா நம்ம கணக்கு அங்க செல்லாது. நம்ம ஊர்ல 10 வீலர், 12 வீலர்னு டயர எண்ணுவோம், பிரிட்டன்ல பின்னாடி ரெட்டை டயர் இருந்தாலும் அது ஒரு வீல்தான். அவங்க எய்ட் வீலர்னு சொல்றது நாலு ஆக்சில் வண்டி, நம்ம கணக்குல 12 வீலர். அவங்க சிக்ஸ் வீலர் பெரும்பாலும் நம்ம 10 வீலர். முன்னாடி ரெண்டு ஆக்சிலும் திரும்பி பின்னாடி ஒரே ஆக்சில் இருக்குற ட்வின் ஸ்டியர் வண்டியும் உண்டு, அதுல டயர் எட்டு இருக்கும் ஆனா அவங்களுக்கு அதுவும் சிக்ஸ் வீலர்தான். இது தெரியாம இங்கிலீஷ் புத்தகத்துல இருக்குற விவரத்த படிச்சா ஒண்ணுமே ஒட்டாது.

எய்ட் வீலர் ஏன் முக்கியம்னா, 1930கள்ல இருந்து 60கள் வரைக்கும் அந்த நாட்டு ரோட்டுல தூரப் பயணத்துக்கு ராஜா அதுதான். நீளமா ஒரே சேசிஸ், மேல சரக்கு, தார்ப்பாய் போட்டு கயிறு கட்டி, 1957 வரைக்கும் கனரக லாரிக்கு சட்டப்படி மணிக்கு 20 மைல்தான் வேகம், அந்த வேகத்துல ராத்திரி முழுக்க ஓடும். 1964ல சட்டம் மாறி டிரெய்லர் கோத்த ஆர்டிக் வண்டிக்கு 32 டன் வரைக்கும் விட்டாங்க, எய்ட் வீலருக்கு 28 டன்தான். முதலாளிங்க ஆர்டிக் பக்கம் சாஞ்சுட்டாங்க, எய்ட் வீலர் டிப்பராவும் கான்கிரீட் மிக்சராவும் மாறிப்போச்சு. அதனால தார்ப்பாய் கட்டின நீட்டு எய்ட் வீலர் போட்டோல இருந்தா பெரும்பாலும் அது 60கள் முடியறதுக்கு முன்னாடின்னு மனசுல குறிச்சு வச்சுக்கலாம்.

அடுத்து மூஞ்சி. பானெட் நீட்டிட்டு இருக்கா, இல்ல தட்டையா டிரைவர் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்காரா? ரேடியேட்டர் வெளிய பளபளன்னு தெரியுதா, இல்ல தகரத்துக்கு உள்ள மறைஞ்சிருக்கா? ரேடியேட்டர் வெளிய தெரிஞ்சா பெரும்பாலும் வயசான டிசைன். ஏஇசி கம்பெனியோட மேமத் மேஜர் லாரில மார்க் 3ன்னா ரேடியேட்டர் வெளிய நிக்கும், 50கள் கடைசில வந்த மார்க் 5ல அது கேபினுக்குள்ள போயிருச்சு. ஆனா அட்கின்சன் கம்பெனிய மட்டும் இந்த விதில சேக்காதீங்க, ப்ரெஸ்டன் ஊர்க்காரங்க, ரொம்ப வருஷம் அந்த வெளி ரேடியேட்டர விடவே இல்ல, நடுவுல வட்டத்துக்குள்ள பெரிய ஏ எழுத்து இருக்கும். எனக்கு பிரிட்டிஷ் லாரிலயே அழகான மூஞ்சி அதுதான்.

இப்ப ஞாபகம் வச்சுக்குற விஷயத்துக்கு வருவோம், இங்கதான் ருசியே. மாடல் பேர தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் பேர் வைக்கிறதுல ஒரு பழக்கம் இருந்துச்சு, அந்தப் பழக்கத்த பிடிச்சா போதும். லண்டன் சௌத்தால்ல இருந்த ஏஇசிக்கு லாரின்னா எம்ல ஆரம்பிக்கணும்: மேமத் மேஜர், மாண்டேட்டர், மெர்குரி, மோனார்க், மார்ஷல், மேட்டடார், மிலிட்டன்ட். பஸ்னா ஆர்: ரீஜன்ட், ரீகல், ரிலையன்ஸ், லண்டன் சிவப்பு பஸ் ரூட்மாஸ்டர். பேட்ஜ் நீல முக்கோணம்.

லேலண்டுக்கு மிருகக்காட்சி சாலை. நாலு வீல் பீவர், ஆறு வீல் ஹிப்போ, எட்டு வீல் ஆக்டோபஸ், எட்டு கால்னு தனியா சொல்லணுமா. முன்னாடி ரெண்டு ஆக்சில் திரும்புற ட்வின் ஸ்டியர் வண்டிக்கு பேரே ஸ்டியர், அதுவும் காளை வகைதான், ஞாபகத்துக்கு இதவிட லேசா ஒண்ணு கிடைக்காது. பின்னால பைசன், பஃபலோ எல்லாம் வந்துச்சு. காமெட் மிருகம் இல்ல, வால்நட்சத்திரம், 1947ல வந்த நடுத்தர லாரி. அந்த காமெட்தான் சென்னை எண்ணூருக்கு வந்தது: 1948ல ஆஸ்டின் கார் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், லேலண்டோட ஒப்பந்தம் போட்டு 50களோட தொடக்கத்துல காமெட் அசெம்பிள் பண்ணாங்க, 1955ல அசோக் லேலண்ட்னு பேர் மாறுச்சு. அப்புறம் இங்கயும் பீவர், ஹிப்போன்னு பேர் வச்சாங்க, நம்ம பெரியவங்க பல பேருக்கு இந்தப் பேரெல்லாம் ஏற்கனவே பழக்கம்தான்.

ஸ்காட்லாந்து கிளாஸ்கோல ஆல்பியன். பேரெல்லாம் ஸ்காட்லாந்து மண்ணு வாசம்: சீஃப்டன், ரீவர், கிளைட்ஸ்டேல், கலிடோனியன். பேட்ஜ்ல உதிக்கிற சூரியன், விளம்பரத்துலயும் சூரியன் உதிக்கிறது எவ்ளோ நிச்சயமோ அவ்ளோ நிச்சயம்னு போடுவாங்க. வாட்ஃபர்ட் ஊர் ஸ்கேமல் கம்பெனின்னா ஆளோட தொழில் மாதிரி பேரு, ஹைவேமேன், ரூட்மேன், ஹேண்டிமேன், எக்ஸ்ப்ளோரர், கன்ஸ்ட்ரக்டர், கான்ட்ராக்டர். பேசிங்ஸ்டோக் ஊர் தார்னிகிராஃப்ட் கம்பெனில ஆளோட குணம், ட்ரஸ்டி, ஸ்டர்டி, நிப்பி. ஆனா அவங்களோட ரொம்ப பிரபலமான வண்டி மைட்டி ஆன்டார், ஈராக்ல எண்ணெய் பைப் சுமக்கணும்னு செஞ்ச ராட்சசன், உள்ள ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியோரைட் இன்ஜின், அப்புறம் பிரிட்டிஷ் ஆர்மி அதுல செஞ்சூரியன் டாங்கிய ஏத்திட்டு போனாங்க.

இங்க ஒரு இடத்துல சறுக்கும், பாத்துக்கோங்க. உல்ஃப், விக்சன், ஆட்டர்னு மிருகப் பேர் கேட்டதும் லேலண்ட்னு சொல்லிராதீங்க, அது கை (Guy)ங்கிற கம்பெனி. ஊரு உல்வர்ஹாம்ப்டன், உல்ஃப் அந்த ஊர்லயே இருக்குன்னு வச்சுக்கிட்டா மறக்காது. கை வண்டில ரேடியேட்டர் மூடி மேல இறகு வச்ச செவ்விந்தியர் தலை இருக்கும், பின்னால வந்த பெரிய வண்டிக்கு வாரியர், இன்வின்சிபிள்னு போர்க்களப் பேரா மாறிருச்சு. 1961ல ஜாகுவார் வாங்கினாங்க, 1964ல பிக் ஜே வந்துச்சு.

ஊர் பேரு சொன்னேன்ல, அதுலயே சாண்ட்பேச் தனிக் கதை. செஷயர் மாவட்டத்துல சின்ன ஊரு, ரெண்டு பெரிய லாரி கம்பெனி. ஃபோடன் முதல்ல நீராவி லாரி செஞ்சவங்க. குடும்பத்துல எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் இனி காலம் டீசலுக்குத்தான்னு சொல்லி வெளிய வந்து 1933ல தன் பேரோட முதல் எழுத்துகள வச்சே ஈஆர்எஃப் ஆரம்பிச்சார். அதே ஊர்ல எதிரும் புதிருமா. இந்தக் கதைய ஒரு தடவ கேட்டா ரெண்டு கம்பெனியும் ஊரும் வருஷமும் சேந்தே மனசுல உக்காந்துரும். மூஞ்சி வித்தியாசம்னா, 50கள்ல வந்த ஈஆர்எஃப் கேவி கேபின் வளைஞ்சு உருண்டு நடுவுல முட்டை வடிவ கிரில்லோட இருக்கும். ஃபோடன் 1958ல எஸ்21ன்னு ஃபைபர் கேபின் விட்டாங்க, உருண்டையா இருக்குற அந்த மூஞ்சிக்கு டிரைவர்ங்க வச்ச பேரு மிக்கி மவுஸ், ஒரு தடவ பாத்தா மறக்கவே முடியாது.

ஃபோடன் நீராவி லாரிய பாத்தா பாய்லர் படுத்த மாதிரி முன்னாடி நீட்டிட்டு ரயில் இன்ஜின் போல இருக்கும். இன்னொரு பெரிய நீராவிப் பேரு, ஷ்ரூஸ்பரி சென்டினல், அதுல பாய்லர் கேபினுக்குள்ள நிமிந்து நிக்கும், இன்ஜின் சேசிஸுக்கு அடில. இத மட்டும் தெரிஞ்சா போதும், இந்த ரெண்டையும் பிரிச்சிரலாம்.

இப்ப கஷ்டமான பகுதி, கடன் வாங்கின கேபின். எல்ஏடி கேபின்னு ஒண்ணு 50கள் கடைசில வந்துச்சு, அந்த மூணு எழுத்து லேலண்ட், ஆல்பியன், டாட்ஜ். கோவன்ட்ரில மோட்டார் பேனல்ஸ் கம்பெனி அடிச்ச அதே தகரக் கூடு மூணு பேர் வண்டிலயும் இருக்கும், கிரில் மட்டும் மாறும். 1964ல வந்த எர்கோமேட்டிக் கேபின் இன்னும் மோசம், அதுக்குள்ள ஏஇசி லேலண்டுக்குள்ள சேந்தாச்சு, அதனால லேலண்ட், ஏஇசி, ஆல்பியன் மூணுக்கும் ஒரே மூஞ்சி, இன்ஜின பாக்க கேபின முன்னாடி கவுக்கலாம். பீவரும் மாண்டேட்டரும் பக்கத்துல நின்னா தூரத்துல இருந்து சொல்றது ரொம்ப கஷ்டம். இந்த ரெண்டு கேபின் கண்ணுல பட்டா மட்டும் நேரா பேட்ஜுக்கும் மாடல் பேருக்கும் போங்க, எம்ல ஆரம்பிச்சா ஏஇசி, மிருகம்னா லேலண்ட், ஸ்காட்லாந்து பேர்னா ஆல்பியன், முன்ன சொன்ன பேர்ப் பழக்கம் உண்மையிலேயே கை கொடுக்குறது இங்கதான்.

சின்ன லாரில பெட்ஃபர்ட் தெரிஞ்சா பாதி ரோடு தெரிஞ்ச மாதிரி. வாக்ஸ்ஹால் கம்பெனியோட லாரிப் பிரிவு, 1931ல ஆரம்பம். 1939ல வந்த ஓ டைப்ல பானெட் இருக்கும், 1950ல வந்த எஸ் டைப் உருண்டையா கனமா இருக்கும், இந்தக் குடும்பத்துல பொறந்த நாலு வீலும் இழுக்குற வண்டிலதான் பச்சை கலர் தீயணைப்பு வண்டி கிரீன் காடஸ் கட்டினாங்க, 1977ல தீயணைப்பு ஊழியர் ஸ்டிரைக் பண்ணப்ப ராணுவம் ஓட்டினது அதத்தான். அப்புறம் டிகே. இதுக்கு அடையாளம் சுலபம், இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி இருக்கும், அதனால கதவுக்கு பின்னாடி கேபின் பக்கவாட்டுல திறக்குற மூடி ஒண்ணு தெரியும். பக்கத்துல இருந்து எடுத்த போட்டோன்னாலும் டிகேவ தப்பா சொல்ல வாய்ப்பே இல்ல. ஆஸ்டின் கே வரிசை லாரி இந்த பழைய பெட்ஃபர்ட் சாயல்ல இருக்கும், பர்மிங்காம் பெட்ஃபர்ட்னே அத கூப்பிட்டிருக்காங்க, அதனால பானெட் வச்ச வண்டின்னா ரெண்டு தடவ பாருங்க.

மூணு வீல் லாரி பாத்தா பெரும்பாலும் 30கள்ல வந்த ஸ்கேமல் மெக்கானிக்கல் ஹார்ஸ், இல்ல அதுக்கு அடுத்து 1948ல வந்த ஸ்கேரப். ரயில்வே சரக்கு யார்டுல குதிரை வண்டி செஞ்ச வேலைய செய்ய வந்தது, முன்னாடி ஒரே வீல், அதனால இருந்த இடத்துலயே திரும்பிரும்.

வருஷம் கண்டுபிடிக்க நம்பர் பிளேட் உதவும். 1963ல இருந்து கடைசில ஒரு எழுத்து சேத்தாங்க, ஏ 1963, பி 1964, சி 1965, டி 1966, இ 1967 ஜனவரில இருந்து ஜூலை வரைக்கும், எஃப் அந்த ஆகஸ்ட்ல இருந்து, அப்புறம் 1983 வரைக்கும் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் மாறுச்சு. ஆரம்பத்துல எல்லா ஊரும் உடனே இதுக்கு மாறல, அதனால 1963, 64 வண்டில கடைசி எழுத்து இல்லாமலும் இருக்கும். ஆர்மிய விட்டு வெளிய வந்து பின்னால ரெஜிஸ்டர் பண்ண வண்டில பிளேட்ட நம்பி பொறந்த வருஷம் சொல்லாதீங்க. கலரையும் நம்பாதீங்க, 1948ல லாரித் தொழில அரசு எடுத்ததும் வந்த பிஆர்எஸ் (பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்)ல எந்த கம்பெனி லாரியா இருந்தாலும் பெரும்பாலும் சிவப்புதான்.

பழக ஒரு வழி சொல்றேன். போன்ல 20, 30 போட்டோ சேத்து, பேட்ஜ் இருக்குற இடத்த கட்டை விரலால மறைச்சுட்டு மூஞ்சி, வீல், ரேடியேட்டர வச்சே பேர் சொல்லுங்க, அப்புறம் விரல எடுத்து சரி பாருங்க. வாரத்துக்கு ஒரு ஊர் எடுத்துக்கோங்க, சௌத்தால் ஒரு வாரம், சாண்ட்பேச் ஒரு வாரம். முன்பக்கத்த பென்சில்ல வரைஞ்சு பாருங்க, அழகா வரணும்னு இல்ல, ஹெட்லைட் எங்க இருக்கு, கண்ணாடி ஒண்ணா ரெண்டான்னு கை வரையறப்பதான் கண்ணு உண்மைல பாக்குது. டிங்கி பொம்மை லாரி படமும் பாருங்க, ஃபோடன், கை, லேலண்ட் ஆக்டோபஸ் எல்லாம் அவங்க செஞ்சிருக்காங்க, மூஞ்சி அளவு சின்னதானாலும் அடையாளம் சரியா இருக்கும்.

காதையும் பழக்குங்க, ஓடுற வண்டி வீடியோ நிறைய கிடைக்குது. கார்ட்னர் 6எல்எக்ஸ் மெதுவா, ஒரே சீரா, அவசரமே இல்லாம ஓடும், 150 குதிரைத்திறன்தான் ஆனா வருஷக்கணக்கா உழைக்கும்னு பேரு. ஃபோடன் டூ ஸ்ட்ரோக் டீசல் நேர் எதிர், உச்சத்துல கத்தும். காமர் கம்பெனி லாரில வந்த டிஎஸ்3 இன்ஜின்ல மூணு சிலிண்டர், அதுக்குள்ள ஆறு பிஸ்டன் எதிரெதிரா அடிக்கும், அந்த முரட்டுச் சத்தத்த ஒரு தடவ கேட்டா வண்டி வளைவுல திரும்புறதுக்கு முன்னாடியே காமர்னு சொல்லிரலாம். இங்கிலாந்து போற வாய்ப்பு கிடைச்சா லேலண்ட் ஊர்லயே இருக்குற பிரிட்டிஷ் கமர்ஷியல் வெஹிக்கிள் மியூசியத்துக்கு போங்க, மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை பக்கம் போறீங்கன்னா 1962ல இருந்து நடக்குற லண்டன் டு பிரைட்டன் பழைய வண்டி ஓட்டத்தையும் விசாரிச்சுக்கோங்க, நின்னு பாக்க நல்ல இடம் ஏத்தம் இருக்குற ரோட்டு ஓரம், அங்கதான் ஒவ்வொரு இன்ஜினும் அதோட சொந்தக் குரல்ல பேசும்.