பெயின்ட் இல்லாமலே கன்பிளாவை நேர்த்தியாக முடிப்பது எப்படி

ஜப்பானில் கன்டம் என்ற ரோபோ கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பானது 1979இல். மறு ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் முதல் கன்டம் பிளாஸ்டிக் மாடல் கிட்டை, அதாவது முதல் கன்பிளாவை, 1/144 அளவில், 300 யென் விலையில் விற்பனைக்கு விட்டது. அந்தக் காலத்துக் கிட்டுகளுக்குப் பசையும் வேண்டும், பெயின்ட்டும் வேண்டும். இன்று வரும் கன்பிளா கிட்டுகளில் பெரும்பாலான பாகங்கள் அதனதன் நிறத்திலேயே வார்க்கப்பட்டு வருகின்றன. பசை இல்லாமல் அழுத்தினாலே பொருந்திக்கொள்கின்றன. கையேட்டைப் பார்த்துச் செய்தால் ஒரு மாலைக்குள் ரோபோ எழுந்து நின்றுவிடும்.

நின்ற பிறகு உற்றுப் பார்த்தால் மூன்று குறைகள் தெரியும். வெட்டிய இடமெல்லாம் வெளிறிய தழும்பு. கவசத்தில் இருக்கும் பள்ளக் கோடுகள் கண்ணில் படாமல் உடம்பே மொழுமொழுவென்று இருப்பது. வெளிச்சம் பட்டதும் பிளாஸ்டிக் பளபளப்பது. இந்த மூன்றையும் நீக்க ஏர்பிரஷ்ஷோ கம்ப்ரஸரோ வேண்டியதில்லை. ஒழுங்காக வெட்டுவது, கோடு போடுவது, கடைசியில் பளபளப்பைப் போக்கும் மேட் பூச்சு அடிப்பது என்ற மூன்று வேலைகளே போதும். பெயின்ட் கற்றுக்கொள்ள அவசரப்படுவதைவிட இந்த மூன்றில் கை தேர்வது நல்லது. இவை சரியில்லாத கிட்டின் மேல் எத்தனை கோட்டிங் பெயின்ட் அடித்தாலும் தழும்பு மேலே வரும்.

எந்தக் கிட்டை எடுப்பது

முதல் தொடரின் நாயக ரோபோவான ஆர்எக்ஸ்-78-2 கன்டத்துக்குக் கதையில் உயரம் 18 மீட்டர். அதனால் 1/144 கிட் 12.5 சென்டிமீட்டர், 1/100 கிட் 18 சென்டிமீட்டர், 1/60 கிட் 30 சென்டிமீட்டர் உயரம் வரும். முதலாவது எச்ஜி (ஹை கிரேடு) வரிசை, இரண்டாவது எம்ஜி (மாஸ்டர் கிரேடு), மூன்றாவது பிஜி (பெர்ஃபெக்ட் கிரேடு). 2010இல் தொடங்கிய ஆர்ஜி (ரியல் கிரேடு) வரிசையும் 1/144தான். ஆனால் உள்ளே தனி எலும்புக்கூடு, அதன் மேல் அரிசி அளவுக் கவசத் துண்டுகள் என்று இருக்கும். விலையும் அளவும் கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று முதல் கிட்டாக ஆர்ஜியை வாங்குபவர்கள் பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

முதலில் எச்ஜி எடுங்கள். 2022இல் வந்த ஏரியல் என்ற கன்டம் ரோபோவின் கிட் நல்ல தேர்வு: மூட்டுகள் நன்றாக மடங்கும், நிறப் பிரிப்பும் சுத்தம். வெள்ளையும் சாம்பலும் கூடுதலாக இருக்கும் ரோபோவாகப் பார்த்து எடுப்பதில் ஓர் அனுகூலம் உண்டு. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு பாகங்களில் வெட்டுத் தழும்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பாகத்தில் அது மறைந்துகொள்ளும்.

கருவிகள்

மெல்லிய முனையுள்ள பிளாஸ்டிக் நிப்பர் ஒன்று, முனைக்கத்தி, ஒரு ட்வீசர், 400, 600, 800, 1000 எண் உப்புத்தாள்கள், கோடு போடும் மார்க்கர், மேட் டாப்கோட் ஸ்ப்ரே ஒரு டப்பா. இவ்வளவுதான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் வயர் கட்டரை மட்டும் வைத்து முழுக் கிட்டையும் வெட்ட வேண்டாம். அதன் அலகு தடிமன் என்பதால் பிளாஸ்டிக்கை அறுக்காமல் நசுக்கிப் பிளக்கும். ஆனால் அதைத் தூக்கியும் போட வேண்டாம், கீழே சொல்லும் முதல் வெட்டுக்கு அது உதவும். காட்ஹாண்ட் நிறுவனம் செய்வது போன்ற ஒற்றை அலகு நிப்பர் வாங்கினால் அதை இரண்டாம் வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாகங்களைத் தாங்கும் தடித்த சட்டத்தை அதால் வெட்டினாலோ, வெட்டும்போது மணிக்கட்டைத் திருகினாலோ அலகு ஒடிந்துவிடும்.

வெட்டுவது

பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டம் ரன்னர். பாகத்தையும் ரன்னரையும் இணைக்கும் சிறு கழுத்து கேட். கையேட்டில் ஏ-12 என்று போட்டிருந்தால் ஏ ரன்னரில் 12ஆம் எண். அந்தப் படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிக் குவித்தால் இடது காலும் வலது காலும் கலந்துபோகும். பாகத்தின் மேல் எண் இருக்காது, ரன்னரில்தான் இருக்கும்.

கேட்டைப் பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டுவதுதான் ஏறக்குறைய எல்லாத் தழும்புக்கும் காரணம். நிப்பரின் அலகு ஆப்பு வடிவம். கேட்டுக்குள் இறங்கும்போது இரு பக்கமும் தள்ளும். ஒரு பக்கம் அசையாத ரன்னர் என்பதால் அழுத்தம் முழுவதும் பாகத்தின் மேல் இறங்கும். பிளாஸ்டிக் இழுபட்டு வெளுக்கும், சில சமயம் பாகத்திலிருந்தே ஒரு சில்லு பெயர்ந்து குழி விழும். குழி விழுந்தால் உப்புத்தாளால் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே முதல் வெட்டு பாகத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி. பாகம் கைக்கு வந்துவிட்டால் அழுத்தத்துக்கு விலகிக்கொடுக்க இடம் கிடைக்கும். நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்திருக்க, அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இரண்டாம் வெட்டு. அந்த மிச்சத்தைக் கத்தியால் மெல்லிய சீவலாக இரண்டு மூன்று முறை சீவி எடுங்கள். கத்தி கட்டைவிரலை நோக்கி வராமல் இருக்கட்டும். பிறகு 400 எண் தாள் மேடு மறையும்வரை மட்டும்; அதன் கோடுகள் போக 600, 800, கடைசியில் 1000. தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, தாளும் அடைக்காது. தாளை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிக்கொண்டு தேய்த்தால் தட்டையான பரப்பு தட்டையாகவே இருக்கும். விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு உருண்டுவிடும். 1000க்கு மேல் போக வேண்டாம். எஞ்சிய நுண்கீறலை மேட் பூச்சு மூடிவிடும்.

லேசாக வெளுத்த இடத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும். அடர்நிறப் பாகத்தில் திரும்பாமல் போனால் அதே நிற மார்க்கரைப் பல்குச்சி நுனியில் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள்.

கண்ணாடி போன்ற தெளிவுப் பாகங்களுக்கு வேறு கணக்கு. அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் வகை. நிப்பரின் அழுத்தத்திலேயே உள்ளே வெள்ளை விரிசல் ஓடும், அதற்குச் சிகிச்சை இல்லை. 4, 5 மில்லிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டு, மீதியைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

நெற்றியில் இருக்கும் வி வடிவக் கொம்பின் நுனியில் ஒரு சிறு தட்டு ஒட்டியிருக்கும். குழந்தைகள் கையைக் குத்தாமல் இருக்க வைத்தது, வடிவமைப்பில் சேர்ந்ததல்ல. அதை வெட்டி, 600 எண் தாளால் கூராக்கிப் பாருங்கள். தலையின் முகமே மாறும். ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு பலன் தரும் இடம் இந்தக் கிட்டில் வேறில்லை.

பொருத்தும்போது

இரண்டு பாதிகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு நின்றுவிட்டால் பலம் போடாதீர்கள். பொருந்தும் முகத்தில் கேட் மிச்சம் இருக்கும், இல்லையென்றால் உள்ளே வைத்த பாலிகேப் (மூட்டுக்குள் வைக்கும் மென்மையான பிளாஸ்டிக் துண்டு) தலைகீழாக இருக்கும். பாலிகேப்புகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலவற்றில் துளையின் ஒரு பக்கம் அகலம். கையேட்டுப் படத்தில் எந்தப் பக்கம் எங்கே பார்க்கிறது என்று கவனித்து வையுங்கள்.

பின்னால் மறுபடி பிரிக்க வேண்டிய பாகங்களில் துளைக்குள் நுழையும் முளையை, அதாவது பின்னை, மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்டிவிடுவது நல்ல பழக்கம். பிரிப்பது எளிது. துளையைப் பின் உள்ளிருந்து விரிக்கும் விசையும் குறையும். அந்த விசைதான் அடுத்த கட்டத்தில் வில்லனாக வருகிறது.

கோடு போடுவது

பள்ளக் கோட்டில் போடும் நிறம் பாகத்தின் நிறத்தைப் பொறுத்தது: வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, நீலத்துக்கும் சாம்பலுக்கும் கறுப்பு. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், ஆனால் 12 சென்டிமீட்டர் ரோபோவை 18 மீட்டராகக் கண் நம்ப வேண்டுமென்றால் சாம்பல்தான் சரி.

கோடு போட இரண்டு வழி. மெல்லிய முனை மார்க்கரால் பள்ளத்தில் வரைந்து, வழிந்ததை உடனே விரலால் துடைப்பது, அல்லது காய்ந்தபின் வெள்ளை ரப்பரால் அழிப்பது. இன்னொன்று, நீர்த்த மையைப் பள்ளத்தில் தொட்டதும் அது தானாக ஓடி நிரம்பும் வகை. தமியா நிறுவனத்தின் பேனல் லைன் எனாமல் குப்பி இந்த இரண்டாம் வகை. ஓடும் மை போடும் கோடு மிக நேர்த்தி. ஆனால் கன்பிளா உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். பொருந்திய நிலையில் பின் துளையை விரித்துக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் இழுவிசையில் இருக்கும். எனாமலில் உள்ள கரைப்பான் மூட்டு இடுக்கில் இறங்கித் தங்கினால், அந்த இழுபட்ட இடம் தானாக விரிந்து பிளக்கும். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் கையைத் தூக்கினால் தோள் கழன்று வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் இதில் இன்னும் பலவீனம். எந்த ரன்னர் எந்தப் பிளாஸ்டிக் என்பது கையேட்டிலேயே போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடும் மைதான் வேண்டுமென்றால் பாகங்களைப் பிரித்து வைத்து, முதலில் பளபளப்பு டாப்கோட் ஒரு கை அடித்து, முழுதும் காய்ந்தபின் போடுங்கள். மூட்டுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் போடவே வேண்டாம். துடைக்க எனாமல் தின்னரைப் பஞ்சுக்குச்சியில் ஈரப்பதம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, கோட்டுக்குக் குறுக்காகத் துடைக்க வேண்டும்; கோட்டின் போக்கிலேயே துடைத்தால் மையும் போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் கிட்டின் முக்கியப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கும். முதல் கிட்டுக்கு மார்க்கர் போதும்.

ஸ்டிக்கர்

தாளில் இருக்கிற எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. கண், நெற்றிக் கேமரா, பிளாஸ்டிக்கில் வராத நிறத் திட்டுகள் போதும். விளிம்பைச் சுற்றி மடியும் ஃபாயில் ஸ்டிக்கர் சில மாதத்தில் மேலெழும். தண்ணீரில் ஊறவைக்கும் டீகல் தனியாக வாங்கினால், 10 முதல் 15 விநாடி நனைத்து, வெளியே எடுத்து அரை நிமிடம் விட்டால் காகிதத்திலிருந்து தானாக நழுவும். வளைவான இடத்தில் டீகலை இளக்கும் மார்க் சாஃப்டர் திரவம் ஒரு துளி. டீகல் இளகியிருக்கும்போது தொட்டால் கிழியும், எனவே காயும்வரை விட்டுவிடுங்கள்.

மேட் பூச்சு

ரோபோவைத் தலை, உடம்பு, கைகள், கால்கள், கேடயம் என்று பிரியுங்கள். தெளிவுப் பாகங்களையும் கண் ஸ்டிக்கர் ஒட்டிய துண்டையும் கழற்றி வையுங்கள். மேட் பட்டால் இரண்டும் மங்கிவிடும். பாகங்களைக் கிளிப் மாட்டிய குச்சியில் பிடித்து, அட்டைப்பெட்டியின் விளிம்பு ஓட்டைகளில் குத்தி நிறுத்தலாம். தெர்மாகோலில் குத்தினால் லாக்கர் வகை டாப்கோட் ஸ்ப்ரே அதை அரித்துவிடும், பாகம் சாய்ந்து விழும்.

டப்பாவை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். ஸ்ப்ரேயைப் பாகத்துக்கு வெளியே தொடங்கி, பாகத்தைக் கடந்து, வெளியே முடிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும்தான் பெரிய துளிகள் தெறிக்கும். மெல்லிய இரண்டு மூன்று கை, நடுவே 15 முதல் 20 நிமிடம். ஒரே கையில் நனைத்தால் மார்க்கர் கோடு கரைந்து படரும், மூட்டும் ஒட்டிக்கொள்ளும்.

காற்றில் ஈரப்பதம் கூடியிருந்தால் பாகம் வெள்ளைப் பனி படர்ந்ததுபோல ஆகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மழை நாளிலும் இரவிலும் அடிப்பதைத் தவிர்த்து, வெயிலேறிய பகலைப் பாருங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். பனி படர்ந்துவிட்டால், வறண்ட நாளில் பளபளப்புப் பூச்சு ஒரு கை அடித்தால் பெரும்பாலும் தெளியும். அதன் மேல் மறுபடி மேட்.

லாக்கர் ஸ்ப்ரேயைத் திறந்த வெளியில், கரிம ஆவி வடிகட்டும் மாஸ்க் அணிந்துதான் அடிக்க வேண்டும். துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது.

அலமாரியில்

நேர் வெயில் விழும் இடம் வேண்டாம்; வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். தூசிக்கு மென்மையான மேக்கப் பிரஷ் போதும். தளர்ந்த பந்து மூட்டின் மேல் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகப் பூசி, தனியாக வைத்து முழுதும் காய்ந்தபின் மாட்டினால் இறுகும். ஈரத்தோடு மாட்டினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

மற்ற பொம்மைகளையும் சேர்த்துச் சேகரிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மென்மையான பிவிசி பொம்மைகள், ரப்பர் மாதிரி இருக்கும் விரிப்புகள், வயர்கள், அழிரப்பர்கள் இவற்றைக் கன்பிளாவோடு தொட்டபடி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மெதுவாக வெளியேறி, பாலிஸ்டைரீனைப் பிசுபிசுக்க வைத்து உருக்கிவிடும். அலமாரித் தட்டில் அப்படி விரிப்பு போட்டிருந்தால் அதற்கு மேல் ஒரு கண்ணாடித் தகடு போட்டு ரோபோவை அதில் நிறுத்துங்கள்.