மண்ணு போட்டு மூடறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க: ஏரியால ரோடு, டிரெயினேஜ் வேலை நடக்கும்போது நாம செய்ய வேண்டியது

ரோடு வேலையோ டிரெயினேஜ் (வடிகால்) வேலையோ, அதோட தரம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளதான் இருக்கு. மேல தெரியற தாரும் டைல்ஸும் கடைசி ரெண்டு நாள் வேலை. குழாய் எந்த சரிவுல போச்சு, அடில என்ன போட்டாங்க, பள்ளத்தை எப்படி நிரப்புனாங்க, இதெல்லாம் ஒருதடவை மூடிட்டா திரும்ப தோண்டினாதான் தெரியும். அதனால ஏரியாக்காரங்க செய்யக்கூடிய பெரிய உதவியே, பள்ளம் திறந்து கிடக்கற அந்த சில நாள்ல போய் நின்னு பாக்கறதுதான். இதுக்கு இன்ஜினியரிங் எல்லாம் படிச்சிருக்க வேண்டாம், ஒரு டேப், ஒரு ஃபோன், ஒரு பக்கெட் தண்ணி இருந்தா போதும்.

முதல்ல பேப்பர். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட் காப்பியும் டிராயிங்கும் கேட்டு வாங்கிடுங்க. பொதுப் பணத்துல நடக்கற வேலை, கேக்கறதுல தயங்க ஒண்ணும் இல்ல. எஸ்டிமேட்ல எல்லாத்தையும் படிக்க உக்காந்தா தலை சுத்தும், மூணு விஷயத்தை மட்டும் தேடுங்க: அளவு எவ்வளவு (நீளம், அகலம், கனம்), எந்த கிரேடு கான்கிரீட், வேலை முடிஞ்சதுக்கப்புறம் எத்தனை மாசம் அல்லது வருஷத்துக்கு ரிப்பேர் பொறுப்பு கான்ட்ராக்டரோடது. இந்த மூணாவதைத்தான் யாருமே பாக்க மாட்டாங்க, ஆனா பின்னாடி நமக்கு கைகொடுக்கப் போறது அதுதான். வேலை நடக்கற இடத்துல வேலையோட பேரு, தொகை, முடிக்க வேண்டிய தேதி போட்ட போர்டு வைக்கணும்னு விதி இருந்தா, போர்டு இல்லாதப்பவே கேளுங்க, பாதி வேலை முடிஞ்சப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்ல.

அடுத்தது வரிசை. இதுல தப்பு நடந்தா மத்தது எவ்வளவு நல்லா செஞ்சாலும் வீண்தான். கழிவுநீர் குழாய்தான் ஆழத்துல போறது, அது முதல்ல. அப்புறம் மழைநீர் வடிகால், குடிதண்ணி லைன், கரண்ட் கேபிள், இன்டர்நெட் கேபிள், எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம்தான் ரோடு, கடைசியா நடைபாதை. புது ரோடு போட்ட மறுமாசமே கேபிள்காரங்க வந்து வெட்டறதுக்குக் காரணம், ஒவ்வொரு துறையும் தனித்தனியா பிளான் போடறதுதான். வெட்டின இடத்துல எவ்வளவு நல்லா பேட்ச் போட்டாலும் அந்த ஓரத்துல தண்ணி இறங்கும், அங்கேருந்துதான் குழி ஆரம்பிக்கும். அதனால ரோடு வேலைன்னு காதுல விழுந்த உடனே தண்ணி, கரண்ட், கேபிள், கழிவுநீர்னு எல்லா ஆபீஸுக்கும் ஒரே கடிதத்தோட காப்பி போடுங்க, "இந்தத் தெருவுல இந்த மாசம் ரோடு போடறாங்க, உங்களுக்கு தோண்ட வேண்டியது இருந்தா இப்பவே முடிச்சுடுங்க"ன்னு. சின்ன வேலைதான், ஆனா நான் பாத்த வரைக்கும் இதைவிட பலன் குடுக்கற கடிதம் வேற இல்ல. அப்படியே காலி டக்ட் (கேபிள் விடற குழாய்) ஒண்ணு ரோட்டுக்கு குறுக்கால போட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்க, நாளைக்கு புது கேபிள் வந்தா ரோட்டை வெட்டாம அதுக்குள்ளயே இழுத்துக்கலாம்.

உங்க வீட்டு சுவர் பக்கத்துல ஆழமா தோண்டப் போறாங்கன்னா இன்னொரு வேலையும் இருக்கு. தோண்டறதுக்கு முன்னாடியே சுவர், தரை, காம்பவுண்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க, ஏற்கனவே இருக்கற விரிசல் பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க, தேதியோட சேவ் பண்ணுங்க. பின்னாடி புதுசா விரிசல் விட்டா "அது முன்னாடியே இருந்தது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க, அப்போ உங்க கையில ஆதாரம் இருக்கணும்.

பள்ளம் தோண்டியாச்சு. இப்போ என்ன பாக்கணும்?

பாதுகாப்புதான் முதல்ல, இதை யாருக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க. ஒன்றரை மீட்டருக்கு மேல ஆழம் போனா பக்கவாட்டுல பலகை அல்லது தகடு வெச்சு முட்டுக் கொடுக்கணும், இல்லன்னா பக்கத்தை படி படியா, சாய்வா வெட்டணும். தோண்டின மண்ணை பள்ளத்தோட விளிம்புலயே கொட்டக்கூடாது, குறைஞ்சது 60 செ.மீ. தள்ளிக் கொட்டணும், ஏன்னா அந்த பாரமே கரையை சரிச்சு உள்ள இருக்கறவங்க மேல தள்ளிடும். ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கும், அது மேல விழுந்தா கழுத்து வரைக்கும் புதையாட்டாலும் நெஞ்சு விரியாது, மூச்சு நின்னுடும். பழைய கழிவுநீர் மேன்ஹோல்ல ஆளை இறங்கச் சொன்னா அங்கயே நிறுத்தச் சொல்லுங்க. உள்ள இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு அதிகமானா மூக்கே மரத்துப்போய் நாத்தம் தெரியாம போயிடும், "நாத்தமே இல்லையே, பரவால்ல"ன்னு நெனச்சு இறங்கினவங்கதான் சாகறாங்க. மெஷின் வெச்சு செய்ய வேண்டிய வேலை அது. ராத்திரி தடுப்பும், ரிஃப்ளெக்டரும், விளக்கும் இருக்கா, வீட்டு வாசலுக்கு குறுக்கால பலகை போட்டிருக்காங்களா, அந்தப் பலகைல வயசானவங்க நடக்க முடியுமான்னும் பாருங்க.

அப்புறம் குழாய். அடில கல்லு முள்ளு மேல அப்படியே வெக்கக்கூடாது, மணல் அல்லது பொடி ஜல்லி பரப்பி அது மேலதான் வெக்கணும், இல்லன்னா ஒரு கல்லு மேல மட்டும் பாரம் உக்காந்து அந்த இடத்துல உடையும். குழாயோட அகலமான வாய் பக்கம் மேட்டைப் பாத்து இருக்கணும், அதாவது தண்ணி எங்கேருந்து வருதோ அந்தப் பக்கம். சரிவு ரொம்ப முக்கியம். கழிவுநீர் குழாய்ல தண்ணி வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்துலயாவது ஓடினாதான் அடில கசடு தங்காம தானா கழுவிட்டுப் போகும், சரிவு கம்மியானா அடைப்பு, எங்கயாவது நடுவுல தொய்வு இருந்தா அங்க அடைப்பு. பாக்கறதுக்கு பழைய முறை ஒண்ணு இருக்கு: ஒரு மேன்ஹோல்ல வெளிச்சம் அடிச்சு அடுத்த மேன்ஹோல்ல கண்ணாடி வெச்சு பாக்கறது. குழாய் நேரா இருந்தா முழு வட்டமா தெரியும், பாதி வட்டம் தெரிஞ்சா எங்கயோ இறங்கியிருக்கு இல்ல திரும்பியிருக்குன்னு அர்த்தம். நீங்க இறங்காதீங்க, இன்ஜினியரை உங்க முன்னாடி பண்ணிக் காட்டச் சொல்லுங்க. திறந்த வடிகாலா இருந்தா இன்னும் சுலபம், மேல் முனைல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, எங்க நிக்குதோ அங்க சாக்பீஸ்ல கோடு போட்டு போட்டோ எடுங்க.

மூடறது. இங்கதான் பெரும்பாலும் கோட்டை விடறாங்க. தோண்டின மண்ணை ஜேசிபியால ஒரே தள்ளா தள்ளி மேல ரெண்டு தடவை வண்டி ஏத்தி முடிச்சுடுவாங்க, மேல பாத்தா கெட்டியா இருக்கும், ஆனா ஒரு மழை முடிஞ்சதும் அந்தக் கோடு மட்டும் தனியா இறங்கி நிக்கும். சரியான முறை, 15-லேருந்து 20 செ.மீ. வரைக்கும் ஒரு அடுக்கு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு இடிக்கணும், அப்புறம் அடுத்த அடுக்கு. குழாய்க்கு பக்கத்துல பெரிய கல்லு, பழைய கான்கிரீட் துண்டு, பிளாஸ்டிக் எதுவும் போகக்கூடாது. மூடற அன்னிக்கு யாராவது ஒருத்தர் கண்டிப்பா அங்க இருங்க, ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல முன்னாடியே முறை போட்டுக்கோங்க. ஒரு ஸ்கேலையோ டேப்பையோ பள்ளத்துக்குள்ள நிறுத்தி ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

கான்கிரீட் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். கம்பி நேரா தரையைத் தொட்டுட்டு இருந்தா அது துரு பிடிச்சு கான்கிரீட்டை உள்ளேருந்து வெடிக்க வெச்சுடும், அதனால கீழ கவர் பிளாக் (சின்ன கான்கிரீட் கட்டை) வெச்சு தூக்கியிருக்கணும். லாரில வந்த கலவை கெட்டியா இருக்குன்னு தண்ணி பைப்பை உள்ள விடறாங்கன்னா தடுங்க, இறக்க சுலபமா இருக்கும், பலம் போயிடும். போட்டதுக்கப்புறம் குறைஞ்சது 7 நாள் ஈரமா வெச்சிருக்கணும், சாக்கு போட்டு நனைச்சாலும் சரி. கியூப் டெஸ்ட், அதாவது அதே கலவைல கட்டி வார்த்து நசுக்கி பலம் பாக்கற டெஸ்ட், அதோட ரிப்போர்ட் 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் வரும், 28-ஆம் நாள் ரிப்போர்ட்டைக் கேளுங்க.

தார் ரோடுல ரெண்டு மூணு விஷயம் பாத்தாலே போதும். பழைய ரோட்டை சுரண்டாம மேல மேல போட்டா ஒவ்வொரு தடவையும் 4, 5 செ.மீ. ஏறும், மூணு தடவைல ஒரு படி உயரம் வந்துடும், மழைத்தண்ணி எல்லாம் வீட்டுக்குள்ள. அதனால மில்லிங் (பழைய ரோட்டை சுரண்டி எடுக்கறது) எஸ்டிமேட்ல இருக்கா, நெஜமாவே செஞ்சாங்களான்னு பாருங்க. ரோடு நடுவுல மேடா இருந்து ரெண்டு பக்கமும் சரியணும், 2.5 சதவீத சரிவுன்னா நடுவுலேருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கற ஓரம் 10 செ.மீ. கீழ இருக்கும். ஒரு நூலை நடுவுலேருந்து ஓரத்துக்கு மட்டமா இழுத்துப் பிடிச்சா டேப்லயே அளந்துடலாம். கலவை சூடா இருக்கும்போதே ரோலர் ஓடணும், ஆறினதுக்கப்புறம் எத்தனை தடவை ஓட்டினாலும் இறுகாது, மழை தூறும்போது போடறாங்கன்னா நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு நியாயம் இருக்கு. மேன்ஹோல் மூடி ரோடு மட்டத்துக்கு வந்திருக்கணும், மழைநீர் உள்ள போற கிரில் மட்டும் கொஞ்சம் தாழ்வா இருக்கணும். நான் நிறைய இடத்துல இது நேர்மாறா பாத்திருக்கேன், மேன்ஹோல் குழில இருக்கும், கிரில் மேட்டுல இருக்கும்.

வேலை நடக்கும்போது லாரிகளை எந்தத் தெரு வழியா திருப்பி விடறாங்கன்னும் கேளுங்க. 1958-லேருந்து 1960 வரைக்கும் அமெரிக்கால இல்லினாய்ஸ் மாநிலத்துல டெஸ்ட்டுக்குன்னே ரோடு போட்டு லாரி ஓட்டிப் பாத்தாங்க, அச்சு மேல பாரம் கூடக் கூட ரோட்டோட சேதம் கிட்டத்தட்ட நாலாவது படில ஏறுதுன்னு தெரிஞ்சுது. அதாவது பாரம் ரெண்டு மடங்கானா சேதம் 16 மடங்கு. ஒரு மாசம் கனரக வண்டி போனாலே சின்ன தெரு காலியாயிடும், அதை சரி பண்ற செலவும் அந்த வேலையோடயே சேரணும்னு முன்னாடியே எழுதிக் குடுங்க.

நடைபாதைதான் எனக்கு மனசு அடிச்சுக்கற விஷயம். அகலமா, வழவழன்னு டைல்ஸ் போட்டு அழகா முடிச்சுட்டு, நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பாக்ஸ் நிக்கும். தடை எதுவும் இல்லாம 1.8 மீட்டர் இருந்தா ரெண்டு வீல்சேர் எதிரெதிரா தாண்டிப் போகலாம், அதனால அகலத்தை அளக்கும்போது சுவர்லேருந்து ஓரம் வரைக்கும் அளக்காதீங்க, கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவுல அளங்க. சரிவுப்பாதை 1:12, அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம், அதைவிட குட்டையா இருந்தா வீல்சேர்ல இருக்கறவங்க தானா ஏற முடியாது. கோடும் புள்ளியும் புடைச்சு இருக்கற மஞ்சள் டைல்ஸ் அழகுக்கு போட்டது இல்ல, கண்ணு தெரியாதவங்களுக்கு வழி காட்டறதுக்கு. 1965-ல ஜப்பான்ல செய்ச்சி மியாக்கேங்கறவர் கண்டுபிடிச்சது, 1967-ல ஒகயாமா ஊர்ல முதல்ல போட்டாங்க. கோடு இருந்தா இந்த வழியா போகலாம், புள்ளி இருந்தா நில்லுங்க, முன்னாடி ரோடு இருக்குன்னு அர்த்தம். கண்ணு தெரியாதவங்க காலாலயும் குச்சியாலயும் அதைப் படிக்கறாங்க, கோடு நேரா போய் கம்பத்துல முட்டினா அது உதவி இல்ல, ஆபத்து. முடிஞ்சா வீல்சேர்ல போறவங்க ஒருத்தரையும், பார்வை இல்லாதவங்க ஒருத்தரையும் கூட்டிட்டு வேலை நடக்கும்போதே ஒரு தடவை நடந்து பாருங்க, நாம பத்து தடவை நடந்தாலும் கவனிக்காததை அவங்க ஒரே நடைல சொல்லிடுவாங்க. மரத்தடி வரைக்கும் சிமெண்ட் போட்டு அடைச்சிருந்தாலும் சொல்லுங்க, வேருக்கு தண்ணியும் காத்தும் போகணும்.

குறை சொல்லி எழுதும்போது "வேலை சரியில்லை"ன்னு எழுதினா ஒரு பதிலும் வராது. எந்தக் கதவு எண் முன்னாடி, என்ன தேதி, எஸ்டிமேட்ல என்ன அளவு, நேர்ல என்ன அளவு, போட்டோ, கடைசில ஒரே ஒரு கேள்வி. ஒரு கடிதத்துல ஒரு குறை மட்டும். குடுத்ததுக்கு நம்பரோ ஒப்புகையோ வாங்காம வராதீங்க. வேலை செய்யறவங்க கிட்ட கோபப்படாதீங்க, அளவை முடிவு பண்றது அவங்க இல்ல, வெயில்ல நிக்கறவங்களுக்கு தண்ணி குடுங்க. கேள்வி எல்லாம் இன்ஜினியருக்கும் கான்ட்ராக்டருக்கும்தான். நல்லா செஞ்சா அதையும் எழுத்துல சொல்லுங்க, மேலதிகாரிக்கு காப்பி போட்டு. நல்லா வேலை வாங்கற இன்ஜினியருக்கு அந்தக் கடிதம் நெஜமாவே உதவும்.

புது வேலை கேக்கறதா இருந்தா பட்ஜெட் முடிவாகறதுக்கு சில மாசம் முன்னாடியே கேக்கணும். பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரி நகரத்துல 1989-லேருந்து எந்த ஏரியாவுக்கு எந்த வேலை முதல்லங்கறதை மக்களே கூட்டம் போட்டு முடிவு பண்ண ஆரம்பிச்சாங்க, அப்புறம் நிறைய நாடுகள்ல அந்த முறை பரவுச்சு. உங்க ஊர்ல அப்படி ஏற்பாடு இல்லாட்டாலும், ஏரியாவே உக்காந்து பேசி முதல் மூணு வேலையை வரிசைப்படுத்தி கையெழுத்து போட்டு கவுன்சிலர் கிட்ட குடுத்தா, முப்பது பேர் முப்பது மனு குடுக்கறதைவிட எடை கூடும். தண்ணி தேங்கற பிரச்சனைக்கு பெரிய குழாய் மட்டும்தான் வழின்னும் நெனைக்க வேண்டாம். கோபன்ஹேகன்ல 2011 ஜூலை 2-ஆம் தேதி மழை கொட்டி ஊரே முங்கினதுக்கப்புறம், அதிகப்படி தண்ணி கொஞ்ச நேரம் தங்கற மாதிரி பார்க்கையும் தெருவையும் தாழ்வா மாத்தி அமைச்சாங்க. உங்க ஏரியா பார்க், கிரவுண்டு எதுவாவது ரோட்டைவிட தாழ்வா இருக்கான்னு பாருங்க.

வேலை முடிஞ்சு முதல் பெரிய மழை வந்தா குடையை எடுத்துட்டு ஒரு ரவுண்டு போங்க. எங்க தண்ணி நிக்குது, எந்த கிரில்ல தண்ணி போகல, எங்க ரோடு இறங்கியிருக்கு, எல்லாத்தையும் வீடியோ எடுத்து அந்த வாரமே குடுத்துடுங்க. ரிப்பேர் பொறுப்பு காலம் முடியற தேதியை ஃபோன் காலண்டர்ல போட்டு, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இன்னொரு ரவுண்டு போய் இருக்கற குறை எல்லாம் எழுதி, கான்ட்ராக்டரோட டெபாசிட் பணத்தை விடுவிக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் சரி பண்ண வைக்கணும்னு கேளுங்க. அந்தத் தேதி தாண்டிட்டா அதே குழிக்கு புது டெண்டர், புது செலவு.