கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பொள்ளாச்சிக்குத் தேங்காயும் ஈரோட்டுக்கு மஞ்சளும் ஏற்றி ஓடி ஓடித் தேய்ந்த பழைய பிக்கப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "கியரே விழ மாட்டீங்குதுங்க, ரிவர்ஸ் போட்டா கர்ருங்குது." உடனே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒரு பக்கம், வண்டி நிற்கிற நாளின் வாடகை இன்னொரு பக்கம். கோளாறோ பல நேரம் கியர்பாக்ஸுக்கு வெளியே, கிளட்ச் சிலிண்டரில் இருக்கும். அதை வாசலில் நிறுத்தியே கண்டுபிடிக்கலாம்.

முதலில் வேலை செய்யும் விதம். பெடலை மிதித்தால் மேல் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் பைப், ஹோஸ் வழியாகக் கீழ் சிலிண்டருக்கு வரும். அதன் ராடு ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ள, ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தி, கிளட்ச் பிளேட்டை விடுவிக்கும். இந்த வரிசையில் எங்கே தள்ளல் குறைந்தாலும் பிளேட் முழுதாக விடுபடாது, கியர் முரண்டு பிடிக்கும். கேபிள் கிளட்ச் வண்டிக்கு இந்த ஆயில் சமாச்சாரம் எதுவும் பொருந்தாது.

1. இன்ஜினை அணைத்துச் சோதனை

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்தால் வண்டியை லேசாக நகர்த்தி மறுபடி போடுங்கள், பல் நேருக்கு நேர் நின்றிருக்கலாம். அப்படியும் எல்லாமே இறுகலாக இருந்தால் கியர் லீவரின் புஷ், லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜைப் பார்க்க வேண்டும்.

அணைத்திருக்கும்போது நன்றாக விழுகிறதா? சரி, இப்போது ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் வேகத்தை ஒன்றாக்கும் வளையம், கிடையாது. அதனால் கிளட்ச் விடுபடாததை அது மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும். கர்ரென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. எனக்கு இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

2. பெடல் என்ன சொல்கிறது

மூன்று நான்கு முறை வேகமாக மிதித்ததும் கியர் விழுந்தால், ஆயிலில் ஏர் புகுந்திருக்கிறது, அல்லது சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கியர் போட்டு மிதித்தே வைத்திருக்கையில் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால், மேல் சிலிண்டரின் ரப்பரைத் தாண்டி ஆயில் உள்ளேயே திரும்புகிறது என்று சந்தேகப்படலாம்.

3. கசிவைத் தேடுவது

மேல் சிலிண்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் மட்டம் பாருங்கள். பிறகு கேபினுக்குள் குனிந்து, பெடல் ராடு மேல் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மேல் சிலிண்டர் கசிகிறது. அடுத்து வண்டிக்கு அடியில், கீழ் சிலிண்டரின் ரப்பர் உறையை ஓரமாக மெல்ல விலக்குங்கள். நல்ல சிலிண்டரில் வெறும் தூசிதான் இருக்கும். போன சிலிண்டரில் கறுத்த ஆயில் உறைக்குள் தேங்கி நின்று, விலக்கியதும் விரலில் வழியும்.

அங்கேயே இருந்து, ஒருவரை மிதிக்கச் சொல்லி ராடு நகர்வதைப் பாருங்கள். கை எட்டாத தூரத்திலிருந்து பார்த்தால் போதும். ராடு சரியாக நகரவில்லை என்றால் கோளாறு ஆயில் பக்கம். முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் ஃபோர்க், பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட் என்று உள்ளே போக வேண்டும். மிதிக்கும்போது ஹோஸ் உப்பினால் அதையும் மாற்றுங்கள்.

4. ஏர் எடுப்பது

கசிவைச் சரிசெய்யாமல் ஏர் எடுப்பது வீண் வேலை, நாலு நாளில் மறுபடி வரும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பரெல்லாம் உப்பிப் போகும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கீழ் சிலிண்டரில் ஏர் வெளியேற்ற உள்ள சிறு திருகான நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். இரண்டு பேர் வேண்டும்.

"மிதி மாப்ள... இன்னொருக்கா... அப்படியே புடி, விடாத."

"புடிச்சிருக்கறனுங்க மாமா."

இப்போது நிப்பிளைத் தளர்த்த, குமிழ் குமிழாக ஆயில் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடு" என்று சொல்ல வேண்டும். முன்னாலேயே விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழ் நிற்கும் வரை இதையே செய்யுங்கள். நடுவில் டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் பொருள், ஆகவே கோளாறு இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

உண்மையிலேயே கியர்பாக்ஸ்தான் என்றால்

ஒரே ஒரு கியர் மட்டும், உதாரணமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கர்ரென்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே பல்லோ லாக் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம், மவுன்டிங் ரப்பரையும் பாருங்கள். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங் மேல் சந்தேகம். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது ரிலீஸ் பேரிங்.

கியர் ஆயில் மட்டத்தையும் பாருங்கள். மாற்றுவதானால் பக்கவாட்டில் உள்ள ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். அது துரு ஏறி வராமல் போனால், கீழ் போல்ட் வழியாக ஆயிலை வடித்த வண்டியை நகர்த்தவே முடியாது. பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.

கிளட்ச் ஸ்லிப் வேறு கதை. சத்தியமங்கலம் பக்கம் பண்ணாரியிலிருந்து மலைமேல் உள்ள திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. லோடோடு ஏறும்போது இன்ஜின் அலறி, வண்டி இழுக்காமல், கருகல் வாடை வந்தால் அங்கேயே ஓரம்கட்டி ஆறவிடுங்கள். கீழே வந்ததும் பெடல் ராடில் சிறு இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் அழுத்தம் முழுதாக இறங்காமல் நின்று பிளேட் நழுவும். இடைவெளி சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் தேய்ந்துவிட்டது, அல்லது அதில் ஆயில் பட்டிருக்கிறது. அப்போது தாராளமாக இறக்கச் சொல்லலாம். கையோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவிலுள்ள பேரிங், கிராங்க் ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாவது முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.