பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளைத் திறத்தல்: திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் மாதத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்ல முடியாத நிலை ஏற்பட்டது. மூடுவதற்கு ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. திறப்பதற்கோ பேருந்து, கழிப்பறை, குடிநீர்க் குழாய், ஆசிரியரின் உடல்நிலை, பெற்றோரின் அச்சம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. பல பள்ளிகளை ஒருங்கே நிர்வகிக்கும் ஒரு கல்வி மாவட்டத்துக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கோவிட் காலத்தில் இப்பணியில் திரும்பத் திரும்ப நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே என்பது என் கருத்து: திட்டம் திறப்பு நாளோடு முடிந்துவிடுகிறது, அதற்கு மறுநாள் முதல் நடக்க வேண்டியவை எழுதப்படாமலே போகின்றன.

தேதியை முதலில் அறிவித்துவிட்டு, அதற்குள் அடங்கும் அளவுக்கு ஆயத்தங்களைச் சுருக்கிக்கொள்வது இதன் முதல் வடிவம். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியபோது சிறு வகுப்புக் குழந்தைகளை மட்டுமே முதலில் அழைத்தது. அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு மற்றொன்றோடு கலவாமல் பார்த்துக்கொண்டது. இயன்ற இடங்களில் பாடங்களைத் திறந்த வெளிக்கு மாற்றியது. இஸ்ரேலில் அதே ஆண்டு மே 17 அன்று பள்ளிகள் முழுமையாகத் திறக்கப்பட்டன. உடனே கடும் வெப்ப அலை வந்ததால் மாணவர்களுக்கு முகக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வகுப்பறைகளில் குளிர்சாதனக் கருவிகள் தொடர்ந்து ஓடின. ஒரு வகுப்பில் 35-க்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்த ஜெருசலேம் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், திறந்து பத்து நாள்களில் பெரும் பரவல் வெளிப்பட்டு, 153 மாணவர்களுக்கும் 25 பணியாளர்களுக்கும் தொற்று உறுதியானது. இரு நாடுகளின் சூழலும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், ஒரு பாதுகாப்பு விதியைத் தளர்த்த நேர்ந்தால் அதன் இடத்தில் எதை வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத திட்டம் எவ்வளவு விரைவாகக் குலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பணமும் உழைப்பும் தவறான இடத்துக்குச் சென்றதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மேசைகளை மணிக்கொரு முறை துடைப்பதும், வகுப்பறை முழுவதும் கிருமிநாசினியைப் புகையாக அடிப்பதும் பார்ப்பவருக்கு நம்பிக்கை அளித்தன. ஆனால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் பற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிவித்தது. இந்தக் கிருமி முதன்மையாகப் பரவுவது காற்றின் வழியே. ஆகவே கைகழுவும் வசதியோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வோர் அறையையும் நேரில் சென்று பார்க்க வேண்டும்: எந்த ஜன்னல் வண்ணப்பூச்சு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது, எந்தக் கழிப்பறையின் காற்றுவெளியேற்றி சத்தம் மட்டும் போடுகிறது என்று குறிக்க வேண்டும். காற்றுவெளியேற்றியின் முகப்பில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால், காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா என்பது நொடியில் தெரிந்துவிடும். கரியமில வாயு அளவி இருந்தால் இன்னும் நல்லது; நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்பதை அது காட்டும். இங்கிலாந்து 2021 இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 3 லட்சம் அளவிகளைப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது. வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும் அந்த வாயுவின் அளவு, வகுப்பில் தொடர்ந்து 1,500-க்கு மேல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஜன்னலே இல்லாத அறைகளுக்கு மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும்; அதுவும் இயலாதெனில் அந்த அறையை வகுப்புக்குப் பயன்படுத்தாமல் விடுவதே நேர்மையான முடிவு.

வாசலில் வெப்பமானியோடு நிற்பதும் இதே வகையைச் சேர்ந்தது. 600 மாணவர்களை ஒருவர் பத்து நொடி வீதம் ஒரே கருவியால் சோதித்தால் 100 நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் குழந்தைகள் வரிசையில் நெருக்கியடித்து நிற்பார்கள். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமலே தொற்றைச் சுமப்பவர்கள் இச்சோதனையைத் தடையின்றிக் கடந்துவிடுவார்கள்.

இனி, திட்டங்களில் பெரும்பாலும் காலியாக விடப்படும் பக்கத்துக்கு வருவோம். பள்ளி திறந்த இரண்டாம் வாரம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, தம் மகளுக்குத் தொற்று உறுதியாகியிருப்பதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அழைப்பை எடுப்பவர் யார்? அந்த மாணவி எந்த இருக்கையில் அமர்ந்தாள், எந்தப் பேருந்தில் யாருக்கு அருகில் வந்தாள், மதிய உணவை யாரோடு உண்டாள் என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? காலை ஏழு மணிக்குள் எந்தெந்தப் பெற்றோருக்கு, எந்த மொழியில், அவளுடைய பெயர் வெளிப்படாத வகையில், யார் செய்தி அனுப்புவது? மறுநாள் அந்த வகுப்பு நடக்குமா என்பதைத் தலைமை ஆசிரியரே முடிவு செய்யலாமா, சுகாதாரத் துறையின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா? இவற்றுக்கு விடை இல்லாத மாவட்டத்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்குத் தோன்றியதைச் செய்யும். ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களுக்கு முரணான இரு அறிவுரைகள் கிடைக்கும். அதன்பின் பெற்றோரின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம். திறப்பதற்கு முன்பே ஒரு நாள் இந்த அழைப்பைப் பாவனையாக நடத்திப் பார்த்தால், விடுபட்டவை அனைத்தும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

பணியாளர் கணக்கிலும் இதே குறை உண்டு. 2022 ஜனவரியில் கோவிட் கிருமியின் ஓமிக்ரான் திரிபு பரவியபோது அமெரிக்காவில் பல பள்ளிகள் மூடப்பட்டதற்குக் காரணம், ஆசிரியரும் ஓட்டுநரும் போதிய எண்ணிக்கையில் இல்லாமற்போனதுதான். எத்தனை பேர் ஒரே நாளில் விடுப்பில் இருந்தால் பள்ளியை நடத்த இயலாது என்ற எண்ணை முன்பே குறித்துவைக்க வேண்டும். வகுப்பறையில் இருப்பவருக்கும் திரையில் இருப்பவருக்கும் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவார் என்று எழுதிவைப்பது, இரு சாராரையும் கைவிடும் ஏற்பாடு.

முழு வருகைக்குப் பரிசு வழங்கும் வழக்கத்தை நிறுத்த மறப்பதும் சிறிய தவறன்று. இருமலோடு இருக்கும் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப அது பெற்றோரைத் தூண்டுகிறது. அதேபோல், வீட்டில் இருக்கச் சொல்லும் குழந்தைக்கு மதிய உணவும் பாடமும் எவ்வாறு சென்று சேரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 37 கோடிக் குழந்தைகள் பள்ளி உணவை இழந்தனர், குறைந்தது 46.3 கோடிப் பேருக்கு வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகிய எதன் வழியாகவும் பாடம் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பதற்கான விலையை மிக அதிகமாகக் கொடுப்பவர்கள் இந்தக் குடும்பங்களே.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடத்தின் குழாய்களில் தேங்கிய நீரில் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லீஜியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகக்கூடும். திறப்பதற்கு முன் எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு நீரை மாற்றுவது எளிய வேலை, ஆனால் பட்டியலில் இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

அறிவியல் மாறும்போது திட்டம் மாறாமல் இருப்பது கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு. 2021 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், முகக்கவசம் அணிந்த வகுப்பறைகளில் பெரும்பாலான மாணவர்களுக்கு இடையிலான இடைவெளியை 6 அடியிலிருந்து 3 அடியாகக் குறைத்தது. பழைய 6 அடி விதியையே பிடித்துக்கொண்டிருந்தால், பாதி மாணவர்கள் காரணமின்றி வீட்டில் இருக்க நேரும். ஆகவே ஒவ்வொரு விதிக்கும் அருகில், அது எந்தச் சான்றின் அடிப்படையில் எழுதப்பட்டது, எந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்யப்படும், எந்த நிலை வந்தால் கடுமையாக்கப்படும், எந்த நிலை வந்தால் விலக்கப்படும், அந்த முடிவில் கையெழுத்திடுபவர் யார் என்பவை திறப்புக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.